முகம் நினைவில் நிற்கவில்லையா? அளந்து பார்க்கும் வழி

பழனிக்குப் போய் முடி இறக்கிவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கதவைத் திறந்து, "யாரும்மா வேணும்?" என்று கேட்டேன். "ஏண்டி, என்னையவே தெரியலையா?" என்று அவர் வாயைத் திறந்த பிறகுதான் ஆள் யாரென்று புரிந்தது. என்னைத் தூக்கி வளர்த்தவர். அன்றைக்குக் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் கொண்டையையும் அதில் வைக்கும் கனகாம்பரத்தையும் வைத்துத்தான் இத்தனை வருடமும் அவரைக் கண்டுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளையும் உட்காரும் பெஞ்சை வைத்தே அறிவேன். கடைத்தெருவில் கலர் டிரஸ்ஸில் எதிரே வந்தால் தெரியாது. 'திமிர் பிடித்தவள்' என்று பெயர் வாங்கியிருக்கிறேன். இதே பெயரைச் சுமக்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். நான் அளந்து பார்த்த வழியை அவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஸ்ட்ரோக் வந்தோ தலையில் அடிபட்டோ திடீரென்று முகங்கள் தெரியாமல் போனால் சோதனை எதுவும் வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றால், கண் பரிசோதனையை முடித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆரம்பிக்க எளிதானது பி.ஐ.20 என்ற கேள்வித்தாள். 2015இல் வந்தது, முகங்களை அடையாளம் காண்பது பற்றி 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 65ஐத் தொட்டால் மேற்கொண்டு பார்ப்பது நல்லது. ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்தவருக்கு ஒரு முகம் எவ்வளவு எளிதாக நினைவுக்கு வருகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

அதனால் கேம்பிரிட்ஜ் முக நினைவுச் சோதனையைச் செய்யுங்கள். பிராட்லி டுஷேன், கென் நகயாமா என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்டது. ஆறு ஆண்களின் முகங்கள், கறுப்பு வெள்ளையில். முடியை வெட்டி எடுத்திருப்பார்கள். ஒவ்வொரு முகத்தையும் மூன்று கோணங்களில் மும்மூன்று நொடி காட்டிவிட்டு, மூன்று முகங்களை வரிசையாக வைத்து 'இதில் முன்னே பார்த்தது எது?' என்று கேட்பார்கள். முதல் 18 கேள்விகளில் அதே படங்கள் வரும். அடுத்த 30இல் வெளிச்சமும் கோணமும் மாறும். கடைசி 24இல் படத்தின் மேல் புள்ளி தூவியதுபோல் மங்கலாக்கியிருப்பார்கள். எனக்கு இரண்டாம் கட்டத்திலேயே எல்லாரும் அண்ணன் தம்பிகளாகிவிட்டார்கள். மூக்கைப் பிடித்து வைத்திருந்தேன். வெளிச்சம் மாறியதும் மூக்கும் மாறிவிட்டது!

போனில் செய்யாதீர்கள். பெரிய திரை, பகல் நேரம், வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத அரை மணி நேரம் வேண்டும். 72க்குச் சராசரி 58ஐ ஒட்டி வரும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலே 24 கிடைக்கும். 42, அதற்கும் கீழே என்றால் கவனிக்க வேண்டியதுதான். எனக்கு 38.

சரி, 38 வந்ததும் முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அந்த ஆறு பேரும் வெள்ளைக்காரர்கள். பார்த்துப் பழகாத இனத்து முகங்களைப் பிரித்தறிவது பொதுவாக எல்லாருக்குமே கொஞ்சம் கடினம். நம் ஆட்களின் மதிப்பெண் அதனாலும் குறையலாம். ஆகவே நம்மூர் முகங்களை வைத்து வீட்டிலும் ஒரு சோதனை செய்தேன்.

என் மகள் சினிமா, கிரிக்கெட், அரசியல் என்று 30 பேர் படங்களை எடுத்து, நெற்றிக்கு மேலும் காதுக்கு வெளியேயும் வெட்டினாள். எம்.ஜி.ஆருக்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி இல்லாத பழைய படம். பாரதியாரை எடுக்கவே வேண்டாம் என்றேன். முண்டாசும் மீசையும்தான் அவரைக் காட்டிக்கொடுக்கும். பெயர் வராவிட்டாலும் 'அந்தப் படத்தில் போலீஸாக வந்தாரே' என்று சொன்னால் சரி என்றே போட வேண்டும். பெயர் மறப்பது வேறு, முகம் தெரியாதது வேறு. கடைசியில் 30 பெயர்களையும் வாசித்து, எனக்கு அறிமுகமே இல்லாத நாலு பேரைக் கழித்தாள். மீதி 26இல் நான் கண்டுபிடித்தது 11. இப்படி வீட்டில் செய்வதற்குப் பொதுச் சராசரி கிடையாது என்பதால் அதே படங்களை என் கணவரிடமும் காட்டினோம். 24 சொன்னார்.

நினைவு தேவைப்படாத சோதனையும் உண்டு. 2010இல் வந்த கிளாஸ்கோ முகப் பொருத்தச் சோதனையின் சுருக்க வடிவில் 40 ஜோடிப் படங்கள். இரண்டும் ஒரே ஆளா, வேறு வேறா என்று சொன்னால் போதும். நினைவில் கோளாறா, பார்க்கும்போதே பிரித்தறிவதில் கோளாறா என்று இதில் ஓரளவு தெரியும். இதில் சராசரி ஆளே ஐந்தில் ஒன்றைத் தவறவிடுகிறார். ஆஸ்திரேலியாவில் பாஸ்போர்ட் அதிகாரிகளுக்கு இதுபோல் முகம் ஒப்பிடும் சோதனைகள் வைத்தார்கள், 2014இல் முடிவு வந்தது. தினமும் அதுவே வேலையாக இருந்தும் மாணவர்களைவிட அவர்கள் மேலாகச் செய்யவில்லை. அவர்களுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம்.

முகத்தை நினைவில் வைக்கும் திறன் உயரம் மாதிரி, ஆளுக்கு ஆள் கூடும், குறையும். நான் கீழ்க் கோடியில் என்றால் என் மகள் மேல் கோடியில் இருக்கிறாள். இரண்டு வருடம் முன்பு டிக்கெட் கொடுத்த கண்டக்டரைக் கோயில் கூட்டத்தில் காட்டுகிறாள். அப்படிப்பட்டவர்கள் 72லும் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கிவிடுவதால் 2009இல் 102 கேள்விகளோடு கடினமான சோதனை ஒன்றை உருவாக்கினார்கள். முக நினைவில் ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையர் மற்ற இரட்டையரைவிட வெகுவாக ஒத்துப்போகிறார்கள் என்று 2010இல் வந்த ஆய்வு காட்டியது. பெரும்பகுதி பிறவியிலேயே அமைவது என்று தெரிந்ததும், 'இன்னும் கொஞ்சம் அக்கறையாகப் பார்த்திருந்தால்' என்று என்னையே திட்டிக்கொள்வதை விட்டேன்.

மதிப்பெண் குறைவாக வந்தால் நரம்பியல் டாக்டரிடமோ நரம்பு உளவியலாளரிடமோ தாளைக் காட்டுங்கள். முகங்களை அடையாளம் காண முடியாமல் இருப்பதற்கு மருத்துவத்தில் 'புரோசோபக்னோசியா' என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் வீட்டு ஆட்களிடம் சொல்லுங்கள். நான் மூன்று சோதனைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவருக்கு எண்கள் புரியவில்லை. வெட்டிய படங்களைக் காட்டினேன். எம்.ஜி.ஆரைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். எனக்குத் தெரியவில்லை என்றதும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுகூடவா?" என்று கேட்டுவிட்டுக் காபி போட எழுந்தார்.