ஐயும் க்யூவும் ஒரே நேரத்துல: ப்ளூ பில் ஏடிசியை அடக்கி ஹோம்ப்ரூ ரிக்கை கேலிபரேட் பண்றது

40 மீட்டர்ல (7 மெகாஹெர்ட்ஸ் ஹாம் ரேடியோ பேண்ட்) சொந்தமா ஒரு எஸ்டிஆர் ரிக் (சிக்னலை சாஃப்ட்வேர்ல பிரிச்சுக் கேக்குற ரேடியோ செட்) கட்டினவங்க எல்லாருக்கும் இந்தத் தலைவலி தெரியும். ஸ்டேஷன் கீழ் சைட்பேண்ட்ல சூப்பரா கேக்குது, அப்படியே எதிர்ப் பக்கம் போனா அதே ஆளு ஆவி மாதிரி அங்கயும் பேசிட்டிருக்காரு. ஐ, க்யூ, அதாவது ஒரே சிக்னலை 90 டிகிரி தள்ளி எடுக்கிற ரெண்டு சேனலும் சரிசமமா இல்லைன்னு அர்த்தம், அந்த ஆவிக்குப் பேருதான் இமேஜ். ஃபேஸ்ல 1 டிகிரி தப்பினா இமேஜ் 41 டிபி கீழதான் போகும், கெய்ன்ல 1 சதவீதம் தப்பினா 46 டிபி.

நான் என்ன பண்ணேன், காதால கேட்டுக் கேட்டு மெனுல கெய்ன் நம்பரையும் ஃபேஸ் நம்பரையும் ரெண்டு வாரம் திருகிட்டே இருந்தேன், 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இமேஜ் சுத்தமா போயிடும், குரல்ல "ஸ்" சத்தம் வந்தா திரும்ப எட்டிப் பாக்கும். மிக்சரை சந்தேகப்பட்டேன், ஆப்ஆம்பை மாத்தினேன், கடைசில பாத்தா குத்தம் ஏடிசி (சிக்னலை நம்பரா மாத்துற பகுதி) சாம்பிளிங்ல.

விஷயம் இதுதான். ஏடிசி1 ஒண்ணை மட்டும் ஸ்கேன் மோடுல போட்டா முதல்ல ஐ எடுக்கும், அப்புறம்தான் க்யூ. ஏடிசி க்ளாக் 12 மெகாஹெர்ட்ஸ், சாம்பிள் டைம் 71.5 சைக்கிள், கன்வர்ஷனுக்கு 12.5, மொத்தம் 84 சைக்கிள், அதாவது ரெண்டுக்கும் நடுவுல 7 மைக்ரோசெகண்ட். பாக்கத்தான் சின்னது, ஆனா 1175 ஹெர்ட்ஸ்ல அது கிட்டத்தட்ட 3 டிகிரி, 2425 ஹெர்ட்ஸ்ல 6 டிகிரி. ஒரே ஒரு ஃபேஸ் நம்பரை வச்சு இதை எப்படி சரி பண்றது, முடியவே முடியாது.

ப்ளூ பில்ங்கிற சின்ன போர்டுல இருக்கிற எஸ்டிஎம்32 எஃப்103 சிப்ல ரெண்டு ஏடிசி இருக்கு, அதுதான் நமக்கு வசதி. டூயல் மோடுல "ரெகுலர் சைமல்டேனியஸ்" வச்சா ரெண்டும் ஒரே நேரத்துல பிடிக்கும். ஐ ஏடிசி1க்கு, க்யூ ஏடிசி2க்கு, ரெண்டுக்கும் ஒரே சாம்பிள் டைம் கொடுங்க, ஒரே பின்னை ரெண்டுக்கும் கொடுத்துடாதீங்க. ட்ரிகர் டைமர் 3லேருந்து, 72 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்ல ரீலோட் 1499 போட்டா கரெக்டா 48 கிலோஹெர்ட்ஸ். ஏடிசி2க்கு ட்ரிகரை சாஃப்ட்வேர் ஸ்டார்ட்னு வச்சு எக்ஸ்டர்னல் ட்ரிகர் பிட்டையும் ஆன் பண்ணனும், இதை விட்டுட்டு எத்தனை பேரு முழிக்கிறாங்க தெரியுமா. டிஎம்ஏ (ப்ராசஸரைத் தொடாம டேட்டாவை மெமரிக்குக் கொண்டு போற பகுதி) ஏடிசி1லேருந்து 32 பிட்டா எடுக்கும், கீழ் பாதி ஐ, மேல் பாதி க்யூ. லூப்ல உக்காந்து அனலாக்ரீட் அடிக்கிற வேலையே வேணாம், நடுவுல ஏதாவது இன்டரப்ட் வந்தா டைமிங் ஆடிடும். ஆரம்பத்துல ஏடிசி ஆன் பண்ணதும் அதோட சொந்த கேலிபரேஷனையும் ஓட்டிடுங்க, ரீசெட் கேல், அப்புறம் கேல், பிட் க்ளியர் ஆகுற வரைக்கும் வெயிட்.

அடுத்து டெஸ்ட் டோன். சிக்னலும் எல்ஓவும் (மிக்சருக்குப் போற ரிக்கோட சொந்த ஆஸிலேட்டர்) வேற வேற க்ரிஸ்டல்ல இருந்தா 7 மெகாஹெர்ட்ஸ்ல 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) வித்தியாசமே 140 ஹெர்ட்ஸ் தள்ளிடும். அதனால ஒரே எஸ்ஐ5351 க்ளாக் சிப்லேருந்து எல்லாத்தையும் எடுங்க. க்ளாக் 0, 1 ரெண்டும் 7.100 மெகாஹெர்ட்ஸ், சிப்புக்குள்ள டிவைடருக்கு அடிப்படை ஃப்ரீக்வென்சி தர்ற பிஎல்எல் ஏ 710 மெகாஹெர்ட்ஸ், டிவைடர் 100, ஒண்ணுக்கு ஃபேஸ் ரிஜிஸ்டர்லயும் 100 போட்டா 90 டிகிரி. பிஎல்எல் ரீசெட் கொடுக்க மறந்தீங்கன்னா ஃபேஸ் எங்கயோ நிக்கும். க்ளாக் 2ஐ பிஎல்எல் பி வழியா 7.101175ல வச்சு 60 டிபி அட்டனுவேட்டர் போட்டு ஆன்டெனா சாக்கெட்ல விடுங்க. விட்டதும் கேபிளைக் கழட்டிப் பாருங்க, டோன் 30 டிபியாவது விழணும், விழலைன்னா சிக்னல் சாக்கெட் வழியா வரல, போர்டுக்குள்ள கசிஞ்சு வருது, அதை வச்சு கேலிபரேட் பண்ணி பிரயோஜனம் இல்ல.

ஏன் 1175, ரவுண்டா 1000 வைக்கக் கூடாதான்னு கேப்பீங்க. 1920 சாம்பிள் எடுத்தா 40 மில்லிசெகண்ட், நம்ம ஊரு 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டுக்கு சரியா ரெண்டு சைக்கிள். அதனால ஹம்மும் அதோட ஹார்மோனிக்ஸும் எல்லாம் இரட்டைப்படை பின்ல (25 ஹெர்ட்ஸுக்கு ஒண்ணா வர்ற ஃப்ரீக்வென்சி கட்டத்துல) போய் விழும். 1175 ஹெர்ட்ஸ் 47 சைக்கிள், ஒற்றைப்படை, ஹம் கிட்டயே வராது. சதுர அலையோட மூணாவது ஹார்மோனிக்கும் 3525ல தனியா போயிடும். விண்டோ ஃபங்ஷனும் வேணாம், எஃப்எஃப்டியும் வேணாம், ஒரே ஒரு ஃப்ரீக்வென்சியை மட்டும் அளக்குற கோர்ட்செல் கணக்கு ஒண்ணு போதும். மெமரி 7680 பைட்தான், 20 கேபில தாராளமா அடங்கும்.

அளக்குறதுக்கு முன்னாடி ரா நம்பர்ல மினிமம், மேக்ஸிமம் பாத்துடுங்க, நடு 2048 பக்கம் இருக்கணும், ரெண்டு ஓரத்தையும் தொடவே கூடாது. பத்து நிமிஷம் ரிக் சூடாகட்டும். அப்புறம் ஒவ்வொரு சேனலுக்கும் சராசரியைக் கழிச்சிட்டு கோர்ட்செல் போட்டு, க்யூவை ஐயால வகுத்தா வர்ற காம்ப்ளெக்ஸ் நம்பரோட அளவு கெய்ன், 90லேருந்து அதோட கோணத்தைக் கழிச்சா வர்றது ஃபேஸ் பிழை. கோணம் மைனஸ் 90 பக்கம் வந்தா பயப்படாதீங்க, ஐ க்யூ வயர் மாறியிருக்கு. ஒரு 25 தடவை எடுத்து ஆவரேஜ் பண்ணுங்க, ஒரு செகண்ட் வேலை.

இதை ஒரு டோன்ல மட்டும் பண்ணிட்டு நிறுத்திடாதீங்க. 475, 1175, 2425 மூணுலயும் அளங்க. என் ரிக்ல பழைய ஸ்கேன் மோடுல வந்தது 2.0, 3.8, 6.9 டிகிரி. சைமல்டேனியஸ் மோடுக்கு மாத்தினதும் மூணுலயும் 0.8. பாத்த உடனே சிரிப்புதான் வந்துச்சு, ரெண்டு வாரம் போச்சே. பிழை ஃப்ரீக்வென்சியோட ஏறினா டைமிங், எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருந்தா எல்ஓ ஃபேஸ், கீழ் டோன்ல மட்டும் அதிகமா இருந்தா கப்ளிங் கெப்பாசிட்டர் ரெண்டும் ஒத்துப் போகல. ஒரே மாதிரி நிக்கிற அந்த 0.8ஐ மட்டும்தான் சாஃப்ட்வேர்ல சரி பண்ணனும்: க்யூவை கெய்னால வகுத்து, அதுலேருந்து ஐ இன்டூ பிழையோட சைனைக் கழிச்சு, மொத்தத்தையும் பிழையோட காஸால வகுங்க. பேண்டுக்கு ஒரு ஜோடி நம்பரா ஃப்ளாஷ்ல சேவ் பண்ணிக்கலாம்.

ட்ரான்ஸ்மிட் பக்கத்துக்கு ரிசீவர் சரியான பிறகுதான் வரணும். ஆன்டெனாவுக்குப் பதிலா டம்மி லோட் போட்டு, அதுலேருந்து கொஞ்சூண்டு எடுத்து நல்ல அட்டனுவேட்டர் வழியா ரிசீவருக்கு விட்டு, அதே மூணு டோனை அனுப்பி, மைனஸ் பக்க பின்ல இருக்கிற இமேஜை அளங்க. ஐ, க்யூ பிடபிள்யூஎம் (துடிப்போட அகலத்தை மாத்தி உண்டாக்குற சிக்னல்) ரெண்டையும் ஒரே டைமரோட ரெண்டு சேனல்லேருந்து எடுங்க, இல்லைன்னா ரிசீவர்ல துரத்தின அதே பேய் இங்க வந்து உக்காந்துக்கும். மிக்சருக்கும் ஏடிசிக்கும் நடுவுல கப்ளிங் கெப்பாசிட்டர் இல்லைன்னா கேரியர் கசிவை டிசில (0 ஹெர்ட்ஸ் பின்ல) பாக்கலாம், ஆனா ரிசீவருக்கே சொந்தமா டிசி இருக்கு, அதை ட்ரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணி முதல்ல அளந்து வச்சுக் கழிச்சிடுங்க.