ஸ்டீல் வீலுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே பெயின்ட்: முதலில் பிசுக்கு, பிறகுதான் உப்புத்தாள்

என் காரின் ஸ்டீல் வீல்களில் துரு ஏறி, பழைய பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. நான்கையும் நானே கேன் ஸ்ப்ரேயால் அடித்தேன். முதல் வீலை இரண்டு முறை சுரண்ட வேண்டியதாயிற்று. மற்ற மூன்றும் ஒரே தடவையில் நன்றாக வந்தன. நான்குக்கும் பெயின்ட் ஒன்றுதான், மாறியது அதற்கு முந்தைய வேலை.

வீலைக் கழற்றுவது தெரிந்திருக்கும். டயரைப் பிரிக்க வேண்டியதில்லை. ரிம்முக்கும் டயருக்கும் இடையில் பழைய சீட்டுக்கட்டுச் சீட்டுகளைச் சுற்றிலும் செருகினால் போதும். டேப்பைவிடச் சுத்தமான விளிம்பு கிடைக்கிறது.

படி 1: பிசுக்கு நீக்குதல்

முதல் வீலைச் சோப்பு நீரில் கழுவியதுமே உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிட்டேன். பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த சில நொடிகளில் ஆங்காங்கே வட்ட வட்டமாகக் குழி விழுந்து, தாமரை இலைத் தண்ணீர் போலப் பெயின்ட் விலகி நின்றது. காரணம் டயர் பாலிஷில் இருக்கும் சிலிக்கோன். அது சோப்புக்கு முழுதாகப் போகாது. அதன்மேல் தேய்த்தால் உப்புத்தாள் போடும் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் குழி மறையாது. முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

சரியான வரிசை இதுதான்: கழுவு, காயவை, பெயின்ட் கடையில் கிடைக்கும் மெழுகு-கிரீஸ் ரிமூவரால் துடை, அதன்பின் தேய், தேய்த்ததும் மறுபடி துடை. துடைக்க இரண்டு துணி வேண்டும். ஒன்றை நனைத்துத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் மற்றொன்றால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாகக் காய விட்டால் கரைந்த பிசுக்கு அதே இடத்திலேயே படிந்துவிடும். இதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவினால் சுத்தம். பார்த்ததும் உடனே துடைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெறும் இரும்பில் சீக்கிரமே துரு பூக்கும்.

படி 2: தேய்த்தல்

உதிரும் துருவை ஒயர் பிரஷ்ஷால் எடுத்து, 80, 180, 320 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேயுங்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்ட் இருக்கட்டும். அதன் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாமல் சரிவானால் சரி. வெறும் இரும்பு தெரிந்தால் அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

படி 3: மறைத்தல்

நட்டு உட்காரும் குழிகளையும், ஹப்போடு (வீல் மாட்டும் அச்சுப் பகுதி) சேரும் பின்முகத்தையும் மறைத்தே தீர வேண்டும். அங்கே பெயின்ட் தடிமனாக இருந்தால், ஓட ஓட அது நசுங்கி நட்டின் இறுக்கம் தளரும்.

படி 4: அடித்தல்

கேனுக்குள் இருக்கும் கலக்கும் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று, ஸ்ப்ரேயை வீலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடட்டும். முதல் கோட்டில் அடிப்பரப்பு தெரியத்தான் வேண்டும். அதை மூட அவசரப்பட்டால் வழிந்துவிடும். பத்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட் போதும். பிரைமர் காய்ந்ததும் 600 எண் தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்து, நிறம், அப்புறம் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு).

கேனில் மாட்டும் துப்பாக்கிப் பிடியைக் கட்டாயம் வாங்குங்கள். விரல் வலிக்காது, வீச்சும் சீராக இருக்கும். பிரைமர், நிறம், கிளியர் மூன்றையும் ஒரே பிராண்டில் எடுப்பதுதான் என் வழக்கம். வெறும் தூசி மாஸ்க் பெயின்ட் ஆவியைத் தடுக்காது. ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த 2கே கிளியரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவருக்கு இரண்டாம் கோட்டில் பெயின்ட் தோல்போலச் சுருங்கிவிட்டது. முதல் கோட் அடித்துச் சில மணி நேரம் கழித்து அடித்திருக்கிறார். பல எனாமல் கேன்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடி, தவறினால் 24 மணி நேரமோ அதற்கு மேலோ பொறு என்று போட்டிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் புதிய கோட்டின் கரைப்பான் பாதி காய்ந்த படலத்தைத் தூக்கிவிடும். உங்கள் கேனில் என்ன நேரம் போட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

ரிமூவருக்குப் பதில் மண்ணெண்ணெய் போதுமா என்று இன்னொருவர் கேட்டார். போதாது, அதுவே எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும்.