ஜாங்கோ மாடல்களைத் தனி ஸ்கிரிப்டில் பயன்படுத்துவது எப்படி?

கடையின் சரக்கு இருப்பு ஜாங்கோவில், அதாவது பைத்தானில் வெப் தளம் கட்டும் ஃப்ரேம்வொர்க்கில், இருக்கிறது. மொத்த வியாபாரி அனுப்பும் சிஎஸ்வி கோப்பை அதில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்று தனியாக ஒரு வெப் பக்கம் கட்டுவது வீண் வேலை. சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். ஆனால் மாடலை (டேட்டாபேஸ் டேபிளைக் குறிக்கும் பைத்தான் கிளாஸை) இம்போர்ட் செய்ததுமே, செட்டிங்ஸ் இன்னும் அமைக்கப்படவில்லை என்று பிழை வரும். வழக்கமாக புராஜெக்டை இயக்கும் மேனேஜ்.பை சத்தமில்லாமல் செய்துவிடும் வேலையை இங்கே நாம்தான் செய்ய வேண்டும்.

1. மேனேஜ்.பை கோப்பைத் திறந்தால் எந்த செட்டிங்ஸ் கோப்பு என்று சொல்லும் செட்டிஃபால்ட் வரி ஒன்று இருக்கும். அதை அப்படியே உங்கள் ஸ்கிரிப்டின் மேலே ஒட்டுங்கள். ஓஎஸ் இம்போர்ட்டும் வேண்டும். ஒரு எச்சரிக்கை: டெர்மினலில் ஏற்கெனவே வேறு செட்டிங்ஸ் எக்ஸ்போர்ட் ஆகியிருந்தால் இந்த வரி அதை மாற்றாது. டெஸ்ட் என்று நினைத்து லைவ் டேட்டாபேஸில் எழுதிவிடாதீர்கள்.

2. ஜாங்கோவை இம்போர்ட் செய்து, அதன் செட்டப் ஃபங்ஷனை அழையுங்கள். 1.7 பதிப்பிலிருந்து இது கட்டாயம்.

3. அதற்குப் பிறகுதான் மாடல் இம்போர்ட்.

பலரும் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவதில்தான். இம்போர்ட் எல்லாம் மேலே இருக்க வேண்டும் என்று கை பழகியிருக்கும். மேலே வைத்தால் "ஆப்கள் இன்னும் லோடு ஆகவில்லை" என்ற பிழைதான் மிஞ்சும். சரி, வரிசையாக எழுதியாயிற்று, சேவ் செய்ததும் மறுபடி அதே பிழையா? உங்கள் எடிட்டரைப் பாருங்கள். கோடைத் தானாக ஒழுங்குபடுத்தும் ஆட்டோபெப்8 அந்த இம்போர்ட்டை மேலே தூக்கி வைத்திருக்கும். அந்த வரியின் கடைசியில் இதைத் தொடாதே என்று சொல்லும் நோக்யூஏ கமென்ட் போடுங்கள். நான் பிளாக் என்ற வேறொரு ஃபார்மேட்டருக்கு மாறிவிட்டேன். அது வரிசையில் கை வைப்பதில்லை.

பிற்சேர்க்கை: ஸ்கிரிப்டை உள் ஃபோல்டரில் வைத்தவர்களுக்கு புராஜெக்டே கிடைக்கவில்லை என்று பிழை வருகிறதாம். பைத்தான் தேடுவது ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில்; நீங்கள் நிற்கும் இடத்தில் அல்ல. மேனேஜ்.பை இருக்கும் ஃபோல்டரில் நின்று, மைனஸ் எம் போட்டு மாட்யூலாக ஓட்டுங்கள்.

இன்னொன்று: ஜூபிட்டர் நோட்புக்கில் இதே மாடல்களைத் தொட்டால், அசிங்க் சூழலில் கூடாது என்று ஜாங்கோ 3.0 முதல் மறுக்கும். அதற்கென ஜாங்கோ அலவ் அசிங்க் அன்சேஃப் என்று ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கிறது. நோட்புக்கில் மட்டும் அதை ஆன் செய்யுங்கள், லைவ் சர்வரில் வேண்டாம்.

குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் தினமும் ஓடப்போகிறது என்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம், மேனேஜ்.பை வழியாக ஓடும் மேனேஜ்மென்ட் கமாண்டாகவே எழுதிவிடுங்கள். அப்புறம், கிரானில், ஜாங்கோ நிறுவியிருக்கும் விர்ச்சுவல் என்வ் உள்ளே இருக்கும் பைத்தானின் முழுப் பாதையைக் கொடுங்கள். வெறும் பைத்தான் என்று போட்டால் ஜாங்கோவே இல்லை என்று சொல்லும்.