வாழ்க்கைக்கு மூன்று வரி

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுவது என் தொழில். விடியும் முன்னே தோட்டத்தில் பேச்சுத்துணை கிடையாது. யோசிக்கத் தோதான நேரம். ஆனால் வாழ்க்கைக் குறிக்கோளை யோசித்தால் மட்டும் போதாது, தாளில் எழுத வேண்டும்.

முதலில், யார் யாருக்கு நீங்கள் என்னவாக இருக்கிறீர்கள் என்று குறியுங்கள். ஒவ்வொன்றிலும் எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்? அதுதான் சரக்கு. 'நல்லவனாக வாழ்வேன்' என்பதெல்லாம் வேண்டாம்; கெட்டவனாக வாழ்வேன் என்று யார் எழுதப் போகிறார்கள்?

என் தாளில் இருப்பது: "எவ்வளவு அவசரமானாலும் கத்தி பட்டையைத் தாண்டி உள்மரத்தில் படாமல் வெட்டுவேன். மகளின் படிப்புப் பணத்தை வேறு செலவுக்கு எடுக்க மாட்டேன். சாயங்காலச் சாயா அம்மாவோடுதான்."

அப்புறம் சோதனை. உங்கள் முன்னால் நிற்கும் ஒரு முடிவை அந்த வரிகளிடம் கேளுங்கள். வளைகுடா வேலைக்குக் கூப்பிட்டார்கள். மூன்றாவது வரி பதில் சொல்லிவிட்டது. எதற்குமே பதில் சொல்லாத வரியை அடித்துவிடலாம்.

1892 டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் தியானம் செய்த விவேகானந்தர் அடுத்த வருடம் சிகாகோ மேடையில் நின்றார். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், சரிதானே?

மழையில் வெட்டு நிற்கும் நாட்களில் தாளை எடுத்துப் பார்ப்பேன். மகள் கல்லூரி முடித்ததும் இரண்டாவது வரி மாறும்.