டைவ் அடித்தால் கழலும் கண்ணாடி: என் அனுபவம்

மாஸ்டர்ஸ் எனப்படும் வயதில் பெரியவர்களுக்கான நீச்சல் போட்டிக்குத் தயாரானபோது என்னைப் படுத்தியது வேகமோ மூச்சோ இல்லை, நீச்சல் கண்ணாடிதான். நீச்சலைத் தொடங்கும் மேடையான பிளாக்கிலிருந்து டைவ் அடித்த மறுநொடி மூக்குக்கு இறங்கிவிடும். குளோரின் தண்ணீர் கண்ணை எரிக்க, அடியில் உள்ள கறுப்புக் கோடுகூடத் தெரியாது. பட்டையை இறுக்கிப் பார்த்தேன். கண்ணைச் சுற்றி வளையம் விழுந்ததுதான் மிச்சம்.

உடன் நீந்தும் அண்ணன் ஒருவர் செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டினார். தண்ணீரைத் தொடுமுன் தலை நிமிர்கிறது. தண்ணீர் நேராகக் கண்ணாடியில் அறைகிறது. அப்புறம் கரையில் உட்கார்ந்தபடி, பிறகு ஒரு காலை மண்டியிட்டு, பிறகு நின்று என்று டைவைப் புதிதாகப் பழகினேன். மேல்கைகள் காதை நெருக்க வேண்டும், முகவாய் உள்ளே அடங்க வேண்டும். கைகள் திறந்த துளையிலேயே தலையும் நுழைய வேண்டும். பட்டையைப் பிடரியிலிருந்து சற்று மேலேற்றி, அதன் மேல் நீச்சல் தொப்பியை மாட்டினேன். இப்போது அசைவதில்லை.

டைவே வராதா? சரி, பரவாயில்லை. மாஸ்டர்ஸ் விதிப்படி பிளாக்கில் ஏறாமல் கரையிலிருந்தோ, தண்ணீருக்குள் சுவரை உதைத்தோ தொடங்கலாம். எங்கள் குளத்தில் எழுபதைத் தாண்டிய ஒருவர் அப்படித்தான் தொடங்குவார். பாதி தூரத்துக்குள் என்னைப் பிடித்தும்விடுவார்.