ஓடையில் ட்ரவுட் விடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

தூண்டில்காரர்கள் விரும்பிப் பிடிக்கும் குளிர்நீர் மீனான ட்ரவுட்டின் குஞ்சுகளை ஓடையில் விடலாமா, வேண்டாமா என்று பேசக் கூடும் இடங்களில் முதலில் எழுவது "எத்தனை ஆயிரம் விடுவது?" என்ற கேள்வி. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நான் ட்ரவுட்டுக்காகத் தூண்டில் போடுபவன். அதே ஓடைகளில் சிறு மீன்களைக் கணக்கெடுக்கவும் இறங்குகிறேன். தூண்டில்காரர்கள், நாட்டு மீன்களைக் காக்க விரும்புவோர் என இரு தரப்பாரோடும் பழகியதில் என் முடிவு இதுதான்: ஓடையில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு குஞ்சைக்கூட விடக் கூடாது.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. நீர் குறைந்து தெளிந்திருக்கும் பருவத்தில் ஏறக்குறைய 150 மீட்டர் நீளப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பகலில் கற்களைப் புரட்டி, கீழ்ப்புறம் கைவலையைப் பிடித்தபடி மேல்நோக்கி நகருங்கள். பிறகு இருட்டியதும் டார்ச் விளக்கோடு அதே இடத்துக்குத் திரும்புங்கள். இந்த இரவு நடையைத் தவிர்க்கவே வேண்டாம். சிறிய நாட்டு மீன்கள் பலவும் பகலில் கல்லிடுக்கில் ஒளிந்திருந்து இரவில்தான் வெளியே வரும். பகலில் மட்டும் பார்த்துவிட்டு "இங்கே மீனே இல்லை" என்று அறிக்கை எழுதுவது அந்த மீன்களுக்குச் செய்யும் அநியாயம். மின்சாரம் பாய்ச்சிக் கணக்கெடுப்பதைப் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே மீன் இல்லையென்றாலும் அந்த நீர் வெறுமையானது ஆகிவிடாது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையுச்சி ஏரிகளில் பெரும்பாலானவை இயற்கையில் மீனற்றவை. அங்கே ட்ரவுட் விடப்பட்டதும் மஞ்சள்கால் மலைத்தவளைகள் பெருமளவில் மறைந்தன. அந்தத் தவளையின் தலைப்பிரட்டைகள் வளர்ந்து முடிக்க ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் பிடிக்கும். குளிரில் அடிவரை உறையாத ஆழமான ஏரி அவற்றுக்குத் தேவை. ட்ரவுட்டுக்கும் அதே ஏரிதான் தேவை. சில ஏரிகளில் வலை போட்டு மீன்களை அகற்றியபோது தவளைகள் மீண்டு பெருகின. இந்தச் செய்தி எனக்கு இன்றும் நம்பிக்கை தருகிறது.

அடுத்து, அருவிகளை வரைபடத்தில் குறியுங்கள். நியூசிலாந்துக்குப் பழுப்பு ட்ரவுட் 1867-இல் வந்தது. பின்னர் டையரி ஆற்றுப் படுகையில் ஆய்வு செய்தபோது, பெரிய அருவிகளுக்கு மேலே காலக்ஸியாஸ் என்ற நாட்டு மீன்களும் அவற்றுக்குக் கீழே ட்ரவுட்டும் இருப்பது தெரிந்தது. ட்ரவுட் ஏற முடியாத பாறைதான் அந்தச் சிறு மீனுக்குக் கடைசி அரண். ஆகவே அருவிக்கு மேலே விடும் திட்டம் எதுவாயினும் நான் எதிர்க்கிறேன். இதில் பேரத்துக்கு இடமில்லை.

ட்ரவுட் நாட்டு மீனைத் தின்பது மட்டுமே கெடுதல் என்று எண்ண வேண்டாம். நீரோட்டத்தில் மிதந்து வரும் பூச்சிகளைப் பிடிக்க வாய்ப்பான இடங்களை அது கைப்பற்றுகிறது. அதற்கு அஞ்சிப் பாசி மேயும் பூச்சிகள் பகலில் ஒளிந்துகொள்ள, கல்லில் பாசி தடிக்கிறது. நெருங்கிய உறவு மீன்கள் இருந்தால் கலப்பினமும் உண்டாகும்: வானவில் ட்ரவுட்டோடு கலந்து பல இடங்களில் வட அமெரிக்காவின் நாட்டு மீனான கட்த்ரோட் ட்ரவுட் தன் தூய மரபையே இழந்திருக்கிறது.

"மலட்டு மீனைத்தான் விடப்போகிறோம்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கருவுற்ற முட்டைகளுக்கு வெப்பமோ அழுத்தமோ கொடுத்து, மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட மீன்களை உருவாக்குகிறார்கள். கலப்பினத்துக்கு இது நல்ல தடுப்புதான். ஆனால் மலட்டு மீனுக்கும் பசிக்கும். சோதனையில் எத்தனை சதவீதம் மலடு என்று உறுதியானது என எழுத்தில் கேளுங்கள். கூடவே பொரிப்பகத்தின் நோய்ச் சான்றையும் கேளுங்கள். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்ற, மீனை வட்டமிட்டு நீந்தவைக்கும் சுழல் நோய் அங்கே வானவில் ட்ரவுட்டையே பல ஆறுகளில் வீழ்த்தியது.

ஓடையில் ஏற்கெனவே ட்ரவுட் இனப்பெருக்கம் செய்துகொண்டிருந்தால், தூண்டில்காரர்களிடம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். மேடிசன் ஆற்றில் நடந்த ஆய்வில், குஞ்சு விடுவதை நிறுத்தியதும் ஆற்றிலேயே பிறந்து வளரும் ட்ரவுட் பெருகியது தெரியவந்தது. 1974-இல் அந்த மாநிலம் இத்தகைய ஆறுகளில் குஞ்சு விடுவதையே கைவிட்டது. நாட்டு மீன் பாதுகாப்பு என்றாலே முகம் சுளிப்பவரும் இதைக் காது கொடுத்துக் கேட்பார்.

தூண்டில்காரர்களை எதிரிகளாக நடத்தாதீர்கள். ஆற்றில் கழிவு கலந்தால் முதலில் குரல் கொடுப்பவர்களில் அவர்களும் உண்டு. தூண்டில் உரிமக் கட்டணத்தால் பாதுகாப்புப் பணிகள் நடக்கும் நாடுகளும் உண்டு. மீன் வெளியேற வழியில்லாத குளம் போன்ற நீர்நிலைகளை அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். அங்கே விடுவதில் எனக்கு மறுப்பில்லை.

பின்னால் பார்த்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்ற பேச்சுக்கு மட்டும் இணங்காதீர்கள். மீனை அகற்றப் பயன்படும் ரொட்டினோன் நஞ்சு நாட்டு மீனையும் கொல்லும். 1962-இல் அமெரிக்காவின் கிரீன் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த நஞ்சைக் கலந்தார்கள். புதிய அணையின் நீர்த்தேக்கத்தில் வானவில் ட்ரவுட் விடுவதற்காக, அங்கே வாழ்ந்த நாட்டு மீன்களையே கொன்றார்கள். மறுபக்கம், அரிசோனாவின் அப்பாச்சி ட்ரவுட்டை மீட்க அயல் ட்ரவுட்டை அகற்றித் தடுப்புகள் கட்டினார்கள். அது 2024-இல் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து நீங்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

இவ்வளவுக்கும் பிறகு விடுவது என்று முடிவானால், ஒவ்வொரு குஞ்சின் முதுகிலும் வால் பக்கமாக உள்ள சிறிய கொழுப்புத் துடுப்பைக் கத்தரித்து விடச் சொல்லுங்கள். பின்னாளில் பிடிபடும் மீன் விடப்பட்டதா, அங்கேயே பிறந்ததா என்று அதை வைத்துச் சொல்லலாம். விட்ட தேதி, இடம், எண்ணிக்கை, இனம் ஆகியவை பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதே 150 மீட்டரை ஆண்டுதோறும் அதே பருவத்தில் இரவிலும் பகலிலும் எண்ணுங்கள். நாட்டு மீன் எந்த அளவுக்குக் குறைந்தால் விடுவதை நிறுத்துவது, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை, குஞ்சு வண்டி வருவதற்கு முன்பே கையெழுத்தோடு எழுதி வாங்கிவிடுங்கள்.