லேபிள் ஆரம்பிக்க முன்னாடி: ஸ்டாக்ஸ் மாட்டின இடங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைனு நம்ம பக்கம் ரூமுக்குள்ளயே மைக் வச்சு பாட்டு பண்ற புள்ளைங்க இப்ப நிறைய, நாலு பாட்டு போட்டவுடனே சொந்தமா லேபிள் (பாட்டு வெளியிடுற கம்பனி) ஆரம்பிப்போம்னு கிளம்பிர்றாங்க, நல்லதுதான், ஆனா எல்லாரும் முதல்ல கேக்கிறது எந்த மைக் வாங்கலாம்னு. மைக்கால ஒரு லேபிள் விழுந்ததா நான் கேள்விப்பட்டதில்ல, ஒப்பந்தப் பேப்பரால விழுந்ததுக்கு ஸ்டாக்ஸ்னு ஒரு லேபிளோட கதை ஒண்ணே போதும்.

1957ல அமெரிக்காவுல மெம்பிஸ்ல ஜிம் ஸ்டூவர்ட்னு பேங்க்ல வேலை செஞ்ச ஒருத்தர் அதை ஆரம்பிச்சாரு. அக்கா எஸ்டெல் அக்ஸ்டன் வீட்டை ஈடு வச்சு ரெக்கோர்டர் வாங்கிக் குடுத்தாங்க, அப்புறம் ஒரு பழைய சினிமா தியேட்டரை ஸ்டூடியோவா மாத்தி, முன்னுக்கு ரெக்கோர்ட் கடையும் போட்டாங்க, எந்தப் பாட்டு விக்குதுன்னு கடையில நின்னே தெரிஞ்சுக்கலாம்ல.

முதல்ல வச்ச பேரு சேட்டலைட். கலிபோர்னியாவுல அதே பேர்ல இன்னொரு கம்பனி இருந்ததால 1961ல ஸ்டாக்ஸ்னு மாத்த வேண்டியதாப் போச்சு. நம்மாளுங்க லோகோ அடிச்சு டீ-ஷர்ட்டும் போட்டதுக்கு அப்புறம்தான் யூடியூப்ல தேடிப் பாக்கிறாங்க. முன்னாடியே தேடுங்க, தேசிய புலமைச்சொத்து அலுவலகத்துலயும் ஒருக்கா கேளுங்க.

பெரிய அடி 1965ல விழுந்துச்சு. அதுவரைக்கும் ஸ்டாக்ஸ் ரெக்கோர்டை கடைகளுக்குக் கொண்டு போற விநியோகம் அட்லாண்டிக்னு ஒரு பெரிய கம்பனியோட வாய் வார்த்தையிலதான் ஓடிச்சு, அப்புறம் எழுத்துல ஒப்பந்தம் வந்தப்ப ஸ்டூவர்ட் முழுசா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டாரு. அட்லாண்டிக் விநியோகிச்ச மாஸ்டர் (பாட்டோட மூல ரெக்கோர்டிங்) எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம்னு அதுல ஒரு வரி இருந்துச்சு. 1967ல வோர்னர் கம்பனி அட்லாண்டிக்கை வாங்கினதுக்கு அப்புறம்தான் ஸ்டாக்ஸ்காரங்களுக்கே விஷயம் தெரிஞ்சுது, ஸ்டாக்ஸோட பெரிய பாடகர் ஓடிஸ் ரெடிங் அந்த வருஷ டிசம்பர்ல பிளேன் விபத்துல செத்துட்டாரு, அவரு பாடின பாட்டும் கையை விட்டுப் போச்சு. யாராச்சும் கொழும்புல இருந்து வந்து "உங்க பாட்டை நாங்க ரிலீஸ் பண்றோம்"னு பேப்பர் நீட்டினா மாஸ்டர் யாருக்கு, எத்தன வருஷத்துக்கு, விலகணும்னா எப்படி, இந்த மூணையும் வாசிச்சுட்டுத்தான் பேனாவை எடுங்க, பேப்பர் இங்கிலீஷ்ல இருந்தா தெரிஞ்ச ஒருத்தரை வச்சு வாசிங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கூட்டாளிக்குள்ள எதுக்குடா அக்ரிமண்ட்ன்னு விடுறதும் இதே மாதிரிதான். இங்கிலாந்துல மான்செஸ்டர்ல ஃபேக்டரி ரெக்கோர்ட்ஸ்னு ஒரு லேபிள், பாட்டெல்லாம் கலைஞருக்கே சொந்தம்னு நல்ல மனசோட விட்டுச்சு, 1992ல பெரிய கம்பனி வாங்க வந்தப்ப விக்கிறதுக்கு இவங்க கையில ஒண்ணுமே இல்ல. எனக்கு ஸ்டாக்ஸை விட இவங்க மேலதான் மரியாதை, அது வேற. இலங்கையில 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச்சொத்து சட்டப்படி பதிப்புரிமைக்கு பதிவு தேவையில்ல, தானா வந்துரும், ஆனா வரி எழுதினவர் உரிமை, மெட்டுப் போட்டவர் உரிமை, ரெக்கோர்டிங் உரிமை எல்லாம் தனித்தனி, யாருக்கு எவ்வளவுன்னு ரெக்கோர்டிங் முடிஞ்ச அன்னைக்கே ஒரு தாள்ல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்ருங்க, பாட்டு ஹிட்டானதுக்கு அப்புறம் பேச உக்காந்தா சண்டைதான்.

பீட் (பாட்டுக்குப் பின்னால ஓடுற ரெடிமேட் இசை) விஷயமும் இருக்கு. இன்டர்நெட்ல லீஸுக்கு, அதாவது வாடகை மாதிரி, எடுத்த பீட்டை வேற பத்துப் பேரும் எடுத்திருப்பாங்க, அதை யூடியூப்ல யாரோட பாட்டுன்னு தானா கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடியில போட்டா அந்தப் பத்துப் பேரு வீடியோவுக்கும் உரிமை கேட்டு க்ளெய்ம் போகும், உங்க கணக்குதான் சிக்கல்ல மாட்டும். அதே மாதிரி பாட்டி பாடின கொழுந்து பாட்டையும் காமன் கூத்துப் பாட்டையும் எடுத்துட்டு "பாடல் வரிகள்: நான்"னு போடாதீங்க. நீங்க பாடின ரெக்கோர்டிங் உங்களுது, பாட்டு சனத்தோடது.

ஸ்டாக்ஸ் 1969ல ஒரே மூச்சுல 27 ஆல்பம் விட்டுச்சு, அதுல பாடகர் ஐசக் ஹேய்ஸ் மேல வந்தாரு, மத்த பலதும் அடியில போச்சு. தீபாவளிக்குப் பத்துப் பாட்டையும் ஒண்ணா இறக்குறவங்களுக்கு இது. அப்புறம் 1972ல விநியோகத்தை சிபிஎஸ்னு இன்னொரு பெரிய கம்பனி கையில குடுத்தாங்க, உறவு கெட்டுச்சு, கடைக்கு ரெக்கோர்ட் போகல, 1975ல திவால். இப்ப ஒன்லைன்ல பாட்டு ஏத்திவிடுற சில சேர்விஸ்ல வருஷ காசு கட்டலன்னா பாட்டையே தூக்கிருவாங்க, அதனால வேவ் ஃபைலையும் (சுருக்காத முழு ஓடியோ) ஐஎஸ்ஆர்சி நம்பரையும் (ஒவ்வொரு ரெக்கோர்டிங்குக்கும் உள்ள அடையாள நம்பர்) உங்க ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, நம்பிக்கையான இன்னொருத்தர் வீட்டுல ஒண்ணுன்னு வச்சுக்கோங்க, சேர்விஸ் மாத்துறப்ப பழைய நம்பரையே குடுங்க.